நாற்பத்து மூன்று கஸ்தூரிப் பழங்கள்

"9.2.1982, செவ்வாய். காலை 7.10. கஸ்தூரி 43: பழுத்தது 38, காய் 5. பால் நான்கு தடவை. குனோங் ராபாட் சேர்ந்தது 12.25. மழை இல்லை."

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. சாதாரண நாட்களில் ஒரு பக்கத்தை நிரப்பிவிடுவேன். பேருந்து எத்தனை நிமிடம் தாமதம், நூலகத்திலிருந்து எந்தப் புத்தகம், மதியம் என்ன குழம்பு, எல்லாம் இருக்கும். முக்கியமான நாளில் மட்டும் குறிப்பு சுருங்கிப்போகும். ஆகவே எண்களை நாட்குறிப்பிலிருந்தும் மற்றதை நினைவிலிருந்தும் எழுதுகிறேன். நினைவு உறுதியாக இல்லாத இடங்களில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் கிராணி. புந்தோங்கில் ஒரு பலகை வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். அந்த ஜனவரியில் அக்கா என்னோடு வந்து தங்கினாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்து வீட்டில் இருந்தாள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரி முடிவுக்குள் காலிசெய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பெண்பிள்ளைகளும், பள்ளிப் படிப்பு கெடக் கூடாதென்று, அங்கேயே அக்காவின் மாமியாரோடு இருந்தார்கள்.

என் பாதி வீட்டில் ஒரே ஓர் அறை. அக்கா வந்த நாளிலிருந்து நான் முன்பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். பிள்ளைகளும் மாமியாரும் வந்தால் எங்கே படுப்பது என்ற கேள்வியை இருவருமே வாய்விட்டுக் கேட்கவில்லை.

குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில், ஒரு நிறுவனத்தின் விருந்தினர் இல்லம் இருந்தது. இயந்திரம் விற்கவும் பார்க்கவும் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அங்கே தங்குவார்கள். அதன் ஹைனான் சீனச் சமையல்காரர் வயதாகி விலகப்போகிறார், இடம் காலியாகிறது என்று என் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். சமையலறைக்குப் பின்னால் இரண்டு அறையுள்ள குவார்ட்டர்ஸ் உண்டு என்றும் சொன்னார். அக்காவுக்குச் சம்பளம் இரண்டாம் பட்சம். அந்த இரண்டு அறைதான் முதலில். அதற்காகவே அவள் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு, மண்டல விரதத்தில் இருந்தாள். மீன், இறைச்சி, முட்டை எதுவும் கிடையாது. துணைக்கு நானும் விரதம்.

மேலாளர் ஒரு மலாய்க்காரர், முன்பு இராணுவ உணவுக்கூடத்தில் இருந்தவர். அவர் வைத்த தேர்வு ஒன்றே ஒன்று. பிப்ரவரி 9, செவ்வாய் மதியம் வந்து லெமன் மெரிங் பை செய்துகாட்ட வேண்டும். புதன்கிழமை வருகிற விருந்தாளிகள் ஒவ்வொரு முறையும் கேட்டுச் சாப்பிடுவது அது. பழைய சமையல்காரர் போனபிறகும் அது மேசைக்கு வர வேண்டும்.

அந்தப் பையை அறியாதவர்களுக்கு: கீழே வெண்ணெய் போட்டுப் பிசைந்து சுட்ட மாவுத் தட்டு. அதன்மேல் எலுமிச்சைச் சாறும் மஞ்சள் கருவும் சீனியும் சேர்ந்து உறைந்த கூழ். அதற்கும் மேல் வெள்ளைக் கருவை அடித்து எழுப்பிய நுரை, சூளையடுப்பில் இலேசாகப் பழுப்பேறியது. தோட்டத்தில் அதை 'நொரப் பை' என்பார்கள். அக்கா துரை பங்களாவின் சமையலறையில் சில ஆண்டுகள் உதவிக்கு இருந்தபோது கற்றது. நான் முதலில் பார்த்தது 1974இல், பங்களாவின் பின்வாசலில் நின்றபடி. மூன்று முட்டையின் வெள்ளைக் கரு, கால் கிண்ணம்கூட இல்லை. அக்கா அடிக்க அடிக்க அது வெளுத்து, பொங்கி, கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டது. பிறகு அவள் அந்தக் கிண்ணத்தை அப்படியே தூக்கித் தன் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தாள். நான் கையை நீட்டிவிட்டேன். ஒன்றும் விழவில்லை. அதன்பிறகு நான் எத்தனையோ படித்திருக்கிறேன், ஏன் விழுவதில்லை என்ற விளக்கம் உட்பட. அந்த விளக்கம் என் வியப்பில் ஒரு துளியைக்கூடக் குறைக்கவில்லை.

சிக்கல் லெமனில் வந்தது. லெமன் நம் எலுமிச்சை இல்லை. பெரியது, தோல் தடித்தது, குளிர்நாட்டுப் பழம். ஈப்போவில் அப்போது குளிர்பெட்டி வைத்த ஒரு பெரிய கடையில்தான் கிடைக்கும். சனிக்கிழமை போனேன். சீனப் புத்தாண்டு நேரம், சரக்கு வரவில்லை, அடுத்த வாரக் கடைசியில் வாருங்கள் என்றார்கள். சரி, எலுமிச்சையாவது வாங்கலாம் என்று புந்தோங் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடையிலும் இல்லை. ஒரு கடைக்காரர் சிரித்தார்.

"எலுமிச்சையா? இந்த வாரத்துல கேக்குறீங்களே அண்ணே! பூசத்துக்குப் போறவன்லாம் ஒடம்பு பூரா குத்திக்கிட்டுப் போயிட்டான். மிச்சத்த சூலத்துல குத்தியாச்சு. புதன்கெழம லாரி வரும், வந்து பாருங்க லா."

புதன்கிழமை எங்களுக்குப் பயனில்லை. வீட்டில் மூன்று எலுமிச்சை இருந்தன. பால்குடம் செலுத்தியபின் குருக்கள் அக்காவின் கையில் கொடுத்தவை, சாமி படத்தின் முன்னால் குங்குமத்தோடு இருந்தன. நான் யோசிக்காமல் சொன்னேன்.

"அக்கா, அந்த மூணு இருக்கே?"

அவள் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் கூசுகிறது. "சாமி குடுத்த பழத்தப் புழிஞ்சு முட்டையில ஊத்தச் சொல்றியா? நீ படிச்ச புஸ்தகத்துல இதான் போட்டிருக்கா?"

"முட்டையத் தொடுறியே, அது மட்டும்?"

"கையில பட்டா கழுவிக்கலாம். நாக்குல பட்டா எங்கடா கழுவுறது?"

அப்போதுதான் எனக்கு முழுச் சிக்கலும் விளங்கியது. பூசம் முடிந்தாலும் இடும்பன் பூசை வரை விரதம் தொடரும். அந்தப் பூசை புதன்கிழமை. தேர்வு செவ்வாய்க்கிழமை. அவள் செய்யப்போவது முட்டைப் பண்டம். அதை அவள் வாயில் வைத்துப் பார்க்க முடியாது. பழகிய லெமனாக இருந்தால் அளவு கையிலேயே இருக்கும். இப்போது லெமனும் இல்லை.

"தேதியத் தள்ளிக் கேப்போமா?" என்றேன்.

"கேட்டா என்ன சொல்லுவாங்க? வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இவளுக்கு ஆயிரம் சாஸ்திரம்னு சொல்லுவாங்க. வேணாம்."

திங்கட்கிழமை மாலை அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்தினாள். பக்கத்துப் பாதி வீட்டின் வாசலைப் பார்த்தாள். அங்கே ஒரு தொட்டிச் செடி. வீட்டின் அந்தப் பாதியில் கான்டனீஸ் பெண் ஒருவர் இருந்தார். பள்ளிச் சீருடை தைப்பவர். அவரை ஆ சோ என்று கூப்பிடுவோம். புத்தாண்டுக்காக அவர் வாங்கி வைத்த லீமாவ் கஸ்தூரிச் செடி அது, எலுமிச்சை இனம்தான். கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரிய பழங்கள், நன்றாகப் பழுத்து ஆரஞ்சு நிறத்தில், கிளைகளில் சிவப்புக் காகிதங்கள் கட்டி.

நான் போய்க் கேட்டேன். ஆ சோ முப்பது வருடமாகத் தமிழர்களுக்கு நடுவில் இருந்தவர். அவருடைய தமிழில் பாதி மலாய்.

"தா போலே! இன்னிக்கி பறிக்கக் கூடாது லா தம்பி. புத்தாண்டு பதினஞ்சாவது நாளு. பழம் பிச்சா வருசம் பூரா அதிஷ்டம் ஓடிப் போய்டும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கினார். "நாளைக்கி காலைல வா. எல்லாம் எடு. ஒண்ணுகூட வேணாம் எனக்கு."

"இன்னைக்கே எடுத்தா ஒரு தடவ செஞ்சு பாக்கலாம்னு..."

"ஏய்," என்று எங்கள் வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவங்களுக்கும் சாமி இருக்கில்ல? சும்மா வா."

ஆ சோ அக்காவை நோக்கிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அன்றைக்கு அவரும் காய்கறிதான் சாப்பிட்டிருக்கிறார் என்று அப்புறம் தெரிந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வீட்டிலும் முட்டை சாப்பிடாத நாள். ஒத்திகைக்கு வழியே இல்லை.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு ஆ சோ சிவப்புக் காகிதங்களைத் தானே அவிழ்த்துவிட்டுச் செடியை எங்கள் வாசலுக்கு நகர்த்தினார். நான் பறித்து எண்ணினேன். நாற்பத்து மூன்று. அக்கா ஒரு பழத்தை நறுக்கிச் சாற்றை நாக்கில் வைத்தாள். பழத்துக்கும் சீனிக்கும் விரதத்தில் தடையில்லை.

"நல்லா கனிஞ்சிருச்சு. லெமன் மாதிரி கடிக்க மாட்டேங்குது."

"அப்ப சீனியக் கொறச்சாப் போதுமே?"

"சீனி கெடக்கட்டும். புளிப்புல பலம் எவ்ளோ இருக்குன்னு தெரியணும். போயி ரெண்டு டின் பால் வாங்கிட்டு வா. கட்டிப் பால் இல்ல, தண்ணிப் பால்."

அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் நான் இத்தனை ஆண்டுகளாக எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பங்களாவில் வாரம் ஒருநாள் ஸ்கோன் என்ற சிறு ரொட்டி சுடுவார்கள். அதற்கு ஒரு கோப்பைப் பாலில் ஒரு கரண்டி லெமன் சாறு ஊற்றித் திரிய வைக்க வேண்டும். அந்த நேரத்தில் அக்கா இரண்டு கோப்பை மாவை மூன்று தடவை சலிப்பாள். சலித்து முடியும்போது பால் சரியான பதத்துக்குத் திரிந்திருக்கும். அந்தப் பதம் அவள் கண்ணில் இருந்தது. இப்போது அதையே கஸ்தூரிச் சாற்றை வைத்துச் செய்யப்போகிறாள். லெமன் திரித்த மாதிரி பாலைத் திரிக்க இதில் எவ்வளவு வேண்டும் என்று பார்த்தால், லெமன் இருந்த இடத்தில் இதை எவ்வளவு ஊற்றுவது என்று தெரிந்துவிடும்.

நான் மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி நீட்டினேன்.

"அது எதுக்கு? எனக்குச் சல்லடதான் மணிக்கூடு. நீ பேசாம ஒக்காந்து எழுது, அதான் ஒனக்கு வரும்."

முதல் கண்ணாடிக் கோப்பைப் பாலில் ஒரு கரண்டிச் சாறு. மாவை எடுத்துத் தரையில் விரித்த காகிதத்தின்மேல் சலித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கோப்பையைச் சாய்த்தாள். கண்ணாடியில் மெல்லிய ஆடை மட்டும் படிந்தது. தலையை ஆட்டினாள். இரண்டாவதில் இரண்டு கரண்டி. மறுபடியும் அதே மாவை மூன்று தடவை. பால் பெரிய கட்டிகளாக உடைந்து பச்சைத் தண்ணீர் பிரிந்தது. "இது ரொம்ப." மூன்றாவதில் ஒன்றேகால். இன்னும் போதவில்லை. நான்காவதில் ஒன்றரை. சலித்து முடித்துவிட்டுக் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றினாள். ரவைபோல் சிறு சிறு மணிகளாகப் பால் கண்ணாடியில் ஒட்டி, மெதுவாக வழிந்தது.

"இதான்," என்றாள்.

கடைசியாக அவள் லெமனால் பால் திரித்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன். பங்களா மூடியதிலிருந்து என்றாள். கணக்குப் பார்த்தால் ஓர் ஆண்டுக்கு மேல். அந்தத் துகளின் அளவை அவள் அவ்வளவு நாள் கண்ணுக்குள் வைத்திருந்திருக்கிறாள். நான் என் நாட்குறிப்பைப் பார்க்காமல் போன வாரம் என்ன கிழமையில் மழை பெய்தது என்று சொல்ல முடியாதவன்.

"இதெல்லாம் எப்படிக்கா தோணுச்சு?"

"பங்களாவுக்குப் போறதுக்கு முன்னாடி ஆறு வருசம் இஸ்டோர்ல நான் என்னத்தப் பாத்தேன்? இதத்தானே பாத்தேன்."

இஸ்டோர் என்பது தோட்டத்தில் ரப்பர் பாலை உறையவைக்கும் கொட்டகை. வாளி வாளியாக வரும் பாலில் தண்ணீர் கலந்து, அமிலம் ஊற்றி, தட்டுகளில் உறையவிடுவார்கள். ஒவ்வொரு நாள் பாலும் ஒரு மாதிரி இருக்கும். மழைநாள் பால் நீர்த்திருக்கும். அமிலம் குறைந்தால் உறையாது, கூடினால் ரப்பர் ஷீட்டு கெட்டுப்போகும். அக்கா அங்கே அமிலம் ஊற்றும் வேலையில் இருந்தாள். எனக்கு அது ஒரு நாற்றமடிக்கும் வேலை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அங்கிருந்து அவள் கொண்டுவந்தது இவ்வளவு என்று அன்று காலைதான் தெரிந்தது.

திரிந்த பாலை வீணாக்கவில்லை. வடிகட்டிச் சீனி போட்டு இருவரும் சாப்பிட்டோம். அதுதான் அன்றைய காலை உணவு.

பிறகு சாறு, தண்ணீர், சீனி மூன்றையும் ஒரு கிண்ணத்தில் கலந்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். மூன்று முறை சீனியைத் திருத்தினாள். "மஞ்சக்கருவும் பட்டரும் சேந்தா புளிப்பு அடங்கும். எவ்ளோ அடங்கும்ங்கறதுதான்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன். "நான் வேணா விரதத்த முறிச்சுக்கிறேன். அங்க வந்து ருசி பாத்துச் சொல்றேன்."

அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. "ஒனக்கு ரசத்துல உப்பு இல்லன்னாகூடத் தெரியாது. போன வாரம் உப்பே போடாம குடுத்தேன், ரெண்டு தரம் வாங்கிக் குடிச்ச. நீ முறிச்சு என்னத்தச் சொல்லப் போற? சாமிக்கும் நஷ்டம், பைக்கும் நஷ்டம்."

அரைநாள் விடுப்பில் அவளை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். சாற்றுப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் "மெல்லடா" என்றாள்.

விருந்தினர் இல்லத்தின் சமையலறை பெரியது. என்னைப் பின்படிக்கட்டில் உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்தேயிருந்தது. மேலாளர் ஒரு நாற்காலியில் அமர்ந்தார். பழைய சமையல்காரர் பனியனோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இனி வரும் பேச்செல்லாம் சந்தை மலாயில் நடந்தவை. எனக்குத் தெரிந்தவரை தமிழில் தருகிறேன்.

மாவுத் தட்டைச் சுட்டு ஆறவைத்தாள். சோளமாவைத் தண்ணீரிலும் சீனியிலும் கரைத்துக் காய்ச்சி, மஞ்சள் கருவைச் சேர்த்து, கூழ் கெட்டியாகிப் பளபளக்கும்வரை கிளறினாள். சாற்றை அப்போதும் ஊற்றவில்லை. அடுப்பை அணைத்த பிறகு, போத்தலிலிருந்ததை ஒரே ஊற்றாக ஊற்றினாள். நான்கைந்து சுற்று கிளறிவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். இஸ்டோரில் அமிலம் ஊற்றுகிறவர்களின் கை அப்படித்தான் நிற்குமாம். அதற்குமேல் கிளறினால் உறைவது கெடும். ஆனால் இஸ்டோரில் மேலே மிதக்கும் நுரையை வழித்து எறிந்துவிடுவார்கள். இங்கே அவள் நுரையைத் தனியாக, வேண்டுமென்றே எழுப்பினாள். வெள்ளைக் கரு எழுந்தது. எட்டு ஆண்டுக்கு முன் பார்த்ததுதான், ஆனாலும் நான் படிக்கட்டிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

பழைய சமையல்காரர் கைக்கட்டை அவிழ்த்து அருகில் வந்தார். கூழைத் தட்டில் ஊற்றப் போகும்போது ஒரு சிறு கரண்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"ருசி பார்."

அக்கா கரண்டியைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

அவர் மேலாளர் பக்கம் திரும்பினார். "பார்த்தீர்களா? ஆரம்பத்திலிருந்து கவனிக்கிறேன். ஒரு தரம்கூட வாயில் வைக்கவில்லை. ருசி பார்க்காத குக்கை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை."

மேலாளர் எழுந்து வந்தார். "ஏன் பார்க்கவில்லை?"

எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. கூழ் ஆறிக்கொண்டிருந்தது. ஆறிவிட்டால் ஊற்ற முடியாது. ஒரு கரண்டி அந்தக் கூழ், ஒரே ஒரு தடவை நாக்கு, அவ்வளவுதான் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் இருவரும் அந்நேரம் பள்ளி விட்டு லயத்துக்கு நடந்துகொண்டிருப்பார்கள்.

"புவாசா, எஞ்சே," என்றாள். விரதம் ஐயா.

மேலாளர் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரம் பார்க்கத் தோன்றாத நேரங்களில் அதுவும் ஒன்று.

"எதுவரை?"

"நாளைக்குச் சாயங்காலம் வரை."

"என் அம்மா ரமலான் புவாசா மாதம் முழுக்க ருசி பார்க்காமல்தான் சமைப்பார்," என்றார் அவர். பழைய சமையல்காரரைப் பார்த்துச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. பிறகு குரல் மாறியது. "ஆனால் அவர் முப்பது வருடம் சமைத்த குழம்பு அது. நீ கொண்டுவந்திருப்பது லெமன் இல்லை. போத்தலைப் பார்த்தாலே தெரிகிறது."

"லெமன் இல்லதான் எஞ்சே. நீங்க சாப்பிட்டுப் பாருங்க. சரியில்லன்னா நான் போயிடுறேன்." சொல்லிக்கொண்டே கூழைத் தட்டில் ஊற்றிவிட்டாள். அதற்குமேல் காத்திருந்தால் கெட்டிருக்கும்.

நுரையைப் பரப்பிச் சூளையில் வைத்து எடுத்தாள். நுரையின் முனைகள் பழுப்பேறியிருந்தன. மேலாளர் கத்தியை எடுத்தார். அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப வெட்டக் கூடாது. உறையணும். ஒரு மணி நேரம்."

வேலை கேட்டு வந்தவள், வேலை கொடுக்கிறவரின் கைக்கு எட்டாமல் தட்டை இழுத்துக்கொண்டது, நான் தோட்டத்தில் பார்த்திராத காரியம். பழைய சமையல்காரர்தான் முதலில் சிரித்தார். "அது சரி," என்றார். "அதைத் தெரிந்துவைத்திருக்கிறாள்."

நாங்கள் காத்திருந்தோம். சுண்ணாம்புக் குன்றின் நிழல் பின்முற்றத்தில் இறங்கி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, நான் இருந்த படிக்கட்டின் முதல் படிக்கு வந்தது. அக்கா உட்காரவில்லை. பாத்திரங்களையெல்லாம் கழுவித் துடைத்துவிட்டு, துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

வெட்டியபோது கத்தி நுரையைத் தாண்டி இறங்குவது தெரிந்தது. துண்டைத் தூக்கினார். கீழே தட்டு, நடுவில் கூழ், மேலே நுரை. மூன்றும் தனித்தனிக் கோடாக நின்றன. ஒரு சொட்டு வழியவில்லை. கூழ் லெமனின் வெளிர்மஞ்சளாக இல்லை. மாலை வெயில் சுண்ணாம்புப் பாறையில் படும்போது வருகிற நிறம். யாரும் வாயில் வைக்காத ஒரு பண்டம், கண்ணாலும் கையாலும் மட்டும் இந்த இடத்துக்கு வந்து நின்றது. கோயிலில் கைகூப்பும்போது எழுகிற ஒன்று எனக்கு அப்போது எழுந்தது. சமையலறைப் படிக்கட்டில் அது வரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

மேலாளர் ஒரு வாய் சாப்பிட்டார். "மாசாம்," என்றார். புளிக்கிறது. பிறகு இன்னொரு வாய். துண்டை முடித்துவிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பழைய சமையல்காரர் மெல்ல மென்றார். "என்ன பழம்?"

"லீமாவ் கஸ்தூரி."

"அதை மிளகாய்ச் சம்பாலில் பிழிவார்கள்!" என்றார் அவர். கூழையும் நுரையையும் சாப்பிட்டுவிட்டு, அடித்தட்டின் ஓரத்தை அப்படியே வைத்துவிட்டார். அது பல் இல்லாததாலா, பிடிக்காததாலா என்று அந்த நேரத்தில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"கடிதம் அனுப்புகிறேன்," என்றார் மேலாளர். எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. காகிதத்தில் சுற்றித் தரச் சொன்னார். அதைக் கொண்டுபோய் ஆ சோவிடம் கொடுத்தோம். இரண்டு துண்டையும் எங்கள் எதிரிலேயே சாப்பிட்டார். "ஸெடாப்! என்னோட பழம் லா, ஸெடாப்பாதான் இருக்கும்," என்றார். ருசி என்று அர்த்தம்; ஆ சோ எங்கள் வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் சொல்கிற சொல் அது. சிறு வெங்காயப் பச்சடிக்கும் அதையே சொன்னவர்.

அடுத்த எட்டு நாளும் அக்கா தபால்காரரின் சைக்கிள் மணிக்கு வாசலுக்கு வந்தாள். பதினேழாம் தேதி, புதன்கிழமை, கடிதம் வந்தது. மார்ச் முதல் தேதியிலிருந்து வேலை. குவார்ட்டர்ஸின் சாவியைப் பிப்ரவரி இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பெற்றுக்கொள்ளலாம். நான் வாசித்துக் காட்டினேன். அக்கா கேட்டது ஒன்றுதான். "ரெண்டு ரூம்னு போட்டிருக்கா?" போட்டிருந்தது. இன்னொரு தரம் அந்த வரியை மட்டும் வாசிக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு லாரியில் பிள்ளைகளும் மாமியாரும் மூன்று மூட்டைகளும் ஒரு தையல் மெஷினும் வந்து இறங்கின. பெரியவள் இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள்.

அங்கே அக்கா 1989 வரை இருந்தாள். லெமன் மாதாமாதம் பெட்டியில் வந்தது. அதனால் கஸ்தூரியில் அந்தப் பையை அவள் மறுபடி செய்யவே இல்லை. 1986இல் நான் ஒரு தரம் கேட்டேன். "அது அன்னிக்கிக் கனிஞ்ச பழம்டா. கடையில விக்கிறது பச்சக் காயி. அந்த அளவு இதுக்கு ஆகாது," என்று முடித்துவிட்டாள்.

ஆகவே இதைப் பதிவுசெய்கிறவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இவ்வளவு. 1982 பிப்ரவரி 9 அன்று செய்த பையைச் சாப்பிட்டவர்கள் மூவர். ஒருவர் புளிப்பு என்றார். ஒருவர் ஓரத்தை வைத்துவிட்டார். ஒருவர் எல்லாவற்றுக்கும் நல்லது என்பவர். செய்தவளும் எழுதுகிறவனும் சாப்பிடவில்லை. வேலைக் கடிதத்தில் பையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மேலாளர் வேலை கொடுத்தது அதன் ருசிக்காகவா, வேறு காரணத்துக்காகவா என்று அவரிடம் கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் அவர் மாற்றலாகிப் போய்விட்டார், எந்த ஊருக்கு என்று தெரியவில்லை. அந்தப் பை உண்மையில் நன்றாக இருந்ததா என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.